பிழை யாருடையது?

இக்கல்வியாண்டின் தொடக்கத்தில், எங்கள் கணிப்பொறி அறிவியல் மன்றத் தொடக்க விழாவுக்காக நான் ஒரு சிறு விளையாட்டு எழுதினேன். சி மொழியில் முந்நூறு வரிகள்கூட வராது. குறளின் முதலடியைத் திரையில் காட்டி, இரண்டாமடிக்கு நான்கு விடைகளைக் கொடுத்து, சரியானதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். விளையாட்டு ஒரு கோப்பிலும் குறட்பாக்கள் இன்னொரு கோப்பிலும் இருந்தன. ஆய்வுக்கூடத்தில் நன்றாகவே ஓடியது. துறைத்தலைவர் அவர்கள் வந்து அமர்ந்து ஐந்து குறள்களுக்கு விடை சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே எழுந்து சென்றார். அன்று எனக்கு இரவு உணவு இறங்கவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி.

இரண்டு நாள் கழித்து விடுதியில் முதலாண்டுத் தம்பி ஒருவன் வந்து, "அண்ணே, உங்க விளையாட்டு தொறந்ததும் மூடிக்குதே!" என்றான். மறுநாள் வேறொருவன் அதையே சொன்னான். அதற்கடுத்த நாள் வேறு துறை மாணவர்கள்கூட என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். விசாரித்தபோதுதான் விவரம் தெரிந்தது. யாரோ ஒருவர் ஆய்வுக்கூடத்திலிருந்து விளையாட்டுக் கோப்பை மட்டும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, குறட்பாக் கோப்பை விட்டுவிட்டார். அந்த அரைப்பிரதியிலிருந்து ஆறேழு பிரதிகள் பிறந்திருந்தன. குறட்பாக்களைத் தேடிக் காணாத விளையாட்டு, ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டது. பழி என் தலையில் விழுந்தது.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தக் கோபம் நெடுநேரம் நிற்கவில்லை. ஏனென்றால் முதலாண்டில் நானும் என் அறைத்தோழனும் இப்படித்தான் ஒரு விளையாட்டைப் பென் டிரைவில் வாங்கி வந்து ஆடினோம். காசு கொடுத்து வாங்கியதன்று என்று சொல்லத் தேவையில்லை. அது ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றுபோகும். "இதைச் செய்தவனுக்குப் புரோகிராம் எழுதத் தெரியுமாடா?" என்று தோழன் கேட்டான். "தெரியாது" என்று நான் தீர்ப்புச் சொன்னேன். அப்போது எனக்கு ஒரு மடக்குக் கட்டளையைப் பிழையின்றி எழுதத் தெரியாது என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளும்தான் என்னை இப்பொருளைப் பற்றிப் படிக்கத் தூண்டின. விடியோ விளையாட்டுகளைத் திருட்டுத்தனமாகப் பிரதியெடுத்து வெளியிடும் குழுக்கள் எவ்வாறு இயங்குகின்றன? அவர்கள் வெளியிடும் பிரதிகளில் காணும் பிழைகளுக்கு யார் பொறுப்பு? நான் படித்தறிந்தவற்றை நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

குழுக்களின் பிறப்பு

1980களில் ஐரோப்பிய வீடுகளில் கமடோர் 64 என்னும் சிறிய கணிப்பொறி பரவலாக இருந்தது. தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து அதில் விளையாடலாம். விளையாட்டுகள் ஒலிநாடாவிலும் வட்டிலும் விற்கப்பட்டன. அவற்றைப் பிரதியெடுக்க முடியாதபடி தயாரிப்பாளர்கள் பலவகைப் பூட்டுகளைப் போட்டார்கள். பள்ளியில் படிக்கும் இளைஞர்கள் பலர் அந்தப் பூட்டுகளை உடைப்பதையே ஒரு விளையாட்டாகக் கொண்டார்கள். நார்வே நாட்டில் 1985-இல் ரேசர் 1911 என்ற குழுவும், சுவீடனில் 1987-இல் ஃபேர்லைட் என்ற குழுவும் தோன்றின. கணிதம் படிக்கும் நண்பர்களுக்கு ஒரு சிறு செய்தி: 1911 என்ற எண்ணைப் பதினாறின் அடிமானத்தில் எழுதிப் பாருங்கள், 777 என்று வரும்.

உடைத்த விளையாட்டின் முகப்பில் இவர்கள் தங்கள் குழுவின் பெயரைப் பெரிய எழுத்தில் ஓடவிட்டு, இசையும் சேர்த்து, நண்பர் குழுக்களுக்கு வணக்கம் சொல்லி, எதிரிக் குழுக்களை ஏசுவார்கள். நம் ஊர்த் திருவிழாச் சுவரொட்டிகளில் விளையாட்டு மன்றத்தார் தங்கள் படங்களைப் போட்டுக்கொள்வதைப் போன்றதுதான் இது. இந்த முகப்புகளே பின்னர் விளையாட்டிலிருந்து பிரிந்து, கணிப்பொறியில் ஓவியமும் இசையும் படைக்கும் தனிக் கலையாக வளர்ந்தன. பின்லாந்து அரசு 2020-இல் அக்கலையைத் தன் நாட்டு மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. திருட்டின் வாசலில் பிறந்த குழந்தைக்கு அரசு மரியாதை!

அக்காலக் குழுக்கள் பிழைகளைத் திருத்தவும் செய்தன என்பது எனக்கு வியப்பளித்த செய்தி. ஐரோப்பியத் தொலைக்காட்சி வினாடிக்கு 50 முறை படத்தை வரையும். அமெரிக்காவில் 60 முறை. கமடோர் 64 ஐரோப்பாவில் ஒரு படத்துக்கு 312 கோடுகளையும், அமெரிக்காவில் 263 கோடுகளையும் வரைந்தது. ஐரோப்பாவில் எழுதப்பட்ட விளையாட்டு ஒன்று 300-ஆம் கோடு வரட்டும் என்று காத்திருந்தால், அமெரிக்காவில் அந்தக் கோடு என்றைக்குமே வராது. படம் கலையும், இல்லையேல் விளையாட்டு அப்படியே உறைந்து நிற்கும். அமெரிக்கக் குழுக்களில் இதைச் சரிசெய்வதற்கென்றே தனி ஆட்கள் இருந்தார்கள். பிறர் எழுதிய நிரலை, மூல வரிகள் கையில் இல்லாமலே, எந்திர மொழியில் படித்துத் திருத்துவது எளிய வேலையன்று. இவர்களை நான் புகழவில்லை. ஆனாலும் அந்த உழைப்பை உழைப்பென்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முந்தியவனுக்கே பெயர்

இணையம் பரவிய பிறகு இக்குழுக்கள் ஒரு தொழிற்சாலையைப் போல வேலையைப் பிரித்துக்கொண்டன. கடைக்கு வருமுன்பே விளையாட்டைக் கொண்டுவந்து தருபவர் ஒருவர். பூட்டை உடைப்பவர் ஒருவர். உடைத்ததை ஆடிப் பார்ப்பவர் ஒருவர். கட்டுக்கட்டி அனுப்புபவர் ஒருவர். இவர்களில் பெரும்பாலோர் பணத்துக்காக இதைச் செய்யவில்லை. பெயருக்காகச் செய்தார்கள். அந்தப் பெயரோ முதலில் வெளியிட்டவருக்கு மட்டுமே. ஒரு குழு ஒரு விளையாட்டை வெளியிட்டுவிட்டால், அதையே இரண்டாவதாகக் கொண்டுவரும் குழுவின் பிரதி 'இரட்டை' என்று தள்ளப்படும். பத்து நிமிடம் பிந்தினாலும் இரவெல்லாம் விழித்த உழைப்பு வீண்.

இந்தப் போட்டியில் எந்த வேலை முதலில் அடிபடும் என்று சிந்தித்துப் பாருங்கள். பூட்டை உடைக்காமல் வெளியிட முடியாது; கட்டுக்கட்டாமல் அனுப்ப முடியாது. ஆனால் ஆடிப் பார்க்காமல் வெளியிட முடியும்! நாற்பது மணி நேரம் நீளும் ஒரு விளையாட்டைச் சோதிப்பவர் முதல் அரை மணி நேரத்தை மட்டும் ஆடிப் பார்த்து, 'ஓடுகிறது' என்று சொல்லிவிடுவார்.

இதற்கும் அவர்களிடம் ஒரு நீதிமுறை உண்டு. குறையுள்ள பிரதி என்று தெரிந்தால் அதன்மீது 'நியூக்' என்ற முத்திரை விழும். அணுகுண்டு போட்டது என்று பொருள். அதன்பின் வேறொரு குழு 'புராப்பர்' என்ற அடைமொழியோடு சரியான பிரதியை வெளியிடலாம். கேட்பதற்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் முத்திரை விழுவது அவர்களுடைய உள்வட்டப் பதிவேட்டில் மட்டுமே. குறையுள்ள பிரதி அதற்குள் ஆயிரம் கை மாறி வெளியே போயிருக்கும். முத்திரை அதன் பின்னால் ஓடிச்சென்று ஒட்டிக்கொள்வதில்லை. கடைசிக் கையில் அதைப் பெறும் மாணவன் அறிந்ததெல்லாம் விளையாட்டின் பெயரும் அதைச் செய்த நிறுவனத்தின் பெயரும்தான். எனவே அவன் திட்டும்போது அந்த நிறுவனத்தைத் திட்டுகிறான்.

(சட்டம் சும்மா இருக்கவில்லை. அமெரிக்க நீதித்துறை 2001 டிசம்பரில் 'பக்கனீர்' என்ற பெயரிலும், 2004-இல் 'ஃபாஸ்ட்லிங்க்' என்ற பெயரிலும், 2005-இல் 'சைட் டவுன்' என்ற பெயரிலும் பல நாடுகளில் ஒரே சமயத்தில் சோதனைகள் நடத்தியது. ஃபேர்லைட் குழுவும் 2004-ஆம் ஆண்டுச் சோதனையில் சிக்கியது. அந்த வரலாறு தனிக் கட்டுரைக்கு உரியது.)

ஓசையில்லாத பொறிகள்

தயாரிப்பாளர்கள் என்ன செய்தார்கள்? இதற்கு விடை காணுமுன், நிரல் தன்னைத்தானே சோதிக்கும் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மண்டிக்கடைப் பேரேட்டில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டுத்தொகை இருக்கும். நடுவில் யாராவது 150-ஐ 750 என்று திருத்தினால் அடித்தொகை பொருந்தாது, திருட்டு வெளிப்படும். கணிப்பொறி நிரலும் எண்களின் வரிசையே. 'அசல் வட்டு இல்லையென்றால் நின்றுவிடு' என்ற கட்டளையைப் பூட்டு உடைப்பவர் 'ஒன்றும் செய்யாதே' என்று மாற்றுகிறார். இரண்டொரு எண்கள் மாறுகின்றன. நிரல் தன் எண்களைத் தானே கூட்டிப் பார்த்து, முன்பே எழுதி வைத்த தொகையோடு ஒப்பிட்டால், யாரோ கைவைத்திருப்பது தெரிந்துவிடும்.

தெரிந்தவுடனே நிரல் நின்றுவிட்டால், சோதனை எந்த இடத்தில் ஒளிந்திருக்கிறது என்பதைப் பூட்டு உடைப்பவர் கண்டுபிடித்துவிடுவார். அதையும் திருத்திவிடுவார். ஆகவே கெட்டிக்காரத் தயாரிப்பாளர்கள் தண்டனையைத் தள்ளிப்போட்டார்கள். ஜெர்மனியில் 1998-இல் வெளிவந்த 'தி செட்லர்ஸ் 3' என்ற விளையாட்டில் ஊரை உருவாக்கி, சுரங்கம் தோண்டி, இரும்பை உருக்கி ஆயுதம் செய்ய வேண்டும். திருட்டுப் பிரதியில் எல்லாம் ஒழுங்காக நடக்கும். இரும்பு உலையிலிருந்து மட்டும் இரும்புக்குப் பதில் பன்றிகள் வெளிவரும்! செக் நாட்டுக் குழுவினர் உருவாக்கி 2001-இல் வெளிவந்த 'ஆபரேஷன் ஃபிளாஷ்பாயின்ட்' என்ற போர் விளையாட்டில் துப்பாக்கியின் குறி நாளடைவில் தவறத் தொடங்கும். 1995-இல் அமெரிக்காவில் வெளியான 'எர்த்பவுண்ட்' இவையெல்லாவற்றையும்விடக் கொடியது. எதிரிகளைப் பன்மடங்காக்கி ஆடுபவனை வாட்டும். அதையும் தாங்கிக்கொண்டு இறுதிப் போர் வரை வந்துவிட்டால், அங்கே உறைந்து நின்று, அதுவரை சேமித்த ஆட்டங்கள் அனைத்தையும் அழித்துவிடும்.

பன்றிகள் வெளிவருவதைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் சிரித்து முடித்ததும் ஒரு கேள்வி எழுந்தது. பன்றியைப் பார்த்தவன், 'இது எனக்கு வைத்த தண்டனை' என்று நினைப்பானா, 'இந்த விளையாட்டில் பிழை இருக்கிறது' என்று நினைப்பானா?

டைட்டன் குவெஸ்ட்டின் கதை

இக்கேள்விக்கு விடை சொல்லும் வரலாறு ஒன்று உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், மேனார்டு என்ற சிற்றூரில் 'அயர்ன் லோர்' என்ற நிறுவனம் இருந்தது. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' என்ற புகழ்பெற்ற விளையாட்டை வடிவமைத்தவர்களில் ஒருவரான பிரையன் சல்லிவன் அதைத் தொடங்கியவர்களுள் ஒருவர். அவர்களுடைய முதல் படைப்பு 'டைட்டன் குவெஸ்ட்'. பழைய கிரேக்கத்தில் தொடங்கி எகிப்து, பாபிலோன் வழியாகச் சீனம் வரை சென்று, புராண அரக்கர்களோடு போரிடும் விளையாட்டு. டி.எச்.க்யூ. என்ற நிறுவனம் 2006 ஜூனில் அதை வெளியிட்டது.

அவர்களும் பூட்டை ஒரே இடத்தில் போடவில்லை. சில சோதனைகளை விளையாட்டின் கதையோட்டத்துக்குள்ளேயே ஒளித்து வைத்தார்கள். விளையாட்டு தடையில்லாமல் தொடங்கும். ஆனால் ஒரு குறிப்பிட்ட பணியை ஏற்கும்போது சோதனை நடக்கும். பிரதி திருட்டு என்று தெரிந்தால் விளையாட்டு அப்படியே மூடிக்கொள்ளும். காரணம் எதுவும் திரையில் தோன்றாது.

விளையாட்டு கடைகளுக்கு வருமுன்பே ஒரு குழு அதை உடைத்து வெளியிட்டுவிட்டது. அவசர வேலை. வெளியே தெரிந்த பூட்டை உடைத்தார்கள். உள்ளே ஒளிந்திருந்த சோதனைகளைத் தொடவில்லை. அடுத்த சில நாட்களில், இன்னும் விற்பனைக்கே வராத ஒரு விளையாட்டைப் பற்றிப் புகார்கள் குவியத் தொடங்கின. பிழை மலிந்தது என்றார்கள். முதல் குகையை விட்டு வெளியே வந்தவுடன் நின்றுபோகிறது என்றார்கள். அந்த இடத்தில்தான் ஒரு சோதனை வைக்கப்பட்டிருந்தது! புகார் சொன்ன ஒவ்வொருவரும் தம்மையறியாமலே, தம் கையில் இருப்பது திருட்டுப் பிரதி என்று வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்த வாக்குமூலத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் தயாரிப்பாளர்கள் மட்டுமே. மற்றவர்கள் எல்லாரும் அதைப் புகாராகவே படித்தார்கள். வாங்கலாமா என்று எண்ணிக்கொண்டிருந்தவரும் அதைத்தான் படித்தார்.

அயர்ன் லோர் 2008 பிப்ரவரியில் மூடப்பட்டது. அதையடுத்து டி.எச்.க்யூ. நிறுவனத்தில் அவ்விளையாட்டோடு தொடர்புடைய பணியிலிருந்த மைக்கேல் ஃபிட்ச் என்பவர் மனம் நொந்து எழுதிய நீண்ட குறிப்பிலிருந்துதான் இந்த வரலாறு உலகுக்குத் தெரிந்தது. அக்குறிப்பில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. ஒருவர் காசு கொடுத்து வாங்கிய பிரதியே நின்றுபோகிறது என்றும், தம் கணிப்பொறியைச் சுத்தமாகத் துடைத்துப் புதிதாக நிறுவிய பிறகும் அப்படியே நிகழ்கிறது என்றும் அடித்துச் சொன்னாராம். எழுதியவர்களுக்குத் தொழில் தெரியவில்லை என்று உரக்கக் கூறியவர்களில் அவரே முதன்மையானவர். ஒரு வாரம் சென்றபின் பார்த்தால், துடைத்த கணிப்பொறியில் 'பயாஸ்' எனப்படும் அடிப்படை நிரலின் புதிய பதிப்பைப் போட அவர் மறந்திருந்தார். அதைப் போட்டவுடன் எல்லாக் கோளாறும் நீங்கிவிட்டது.

நான் இங்கே சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். நிறுவனம் மூடப்பட்டதற்குத் திருட்டுப் பிரதிதான் ஒரே காரணம் என்று ஃபிட்ச் அவர்களே எழுதவில்லை. விளையாட்டினால் நட்டமில்லை என்றும், திருட்டுத்தனமாக ஆடியவர்களில் ஒரு சிறு பங்கினர் காசு கொடுத்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கலாம் என்றுமே அவர் கூறுகிறார். கணிப்பொறி உறுப்புகளைச் செய்பவர்கள்மீதும் அவருக்கு வருத்தம் இருந்தது. மேலும் அவர் ஒரு தரப்பைச் சார்ந்தவர். அவர் சொல்வதை நடுவர் தீர்ப்பாகக் கொள்ளக்கூடாது.

இன்னொன்றையும் கேட்கத் தோன்றுகிறது. குழு சோதிக்காமல் வெளியிட்டது தவறுதான். ஆனால் காரணம் சொல்லாமல் மூடிக்கொள்ளும்படி நிரலை எழுதியவர் யார்? திருடனுக்கு வைத்த பொறி, பார்ப்பவர் கண்ணுக்கு வீட்டின் விரிசலாகத் தெரிந்தால், அதில் பொறி வைத்தவருக்கும் பங்குண்டு என்று நான் எண்ணுகிறேன். என் குறள் விளையாட்டும் இதே குற்றத்தைச் செய்தது. கோப்பு இல்லையென்றால் 'கோப்பு இல்லை' என்று ஒரு வரி அச்சிட எனக்குத் தோன்றவில்லை.

வாய் திறந்த தேவதை

அந்த ஒரு வரியை அச்சிட்டவர்களும் உண்டு. கலிபோர்னியாவைச் சேர்ந்த இன்சோம்னியாக் நிறுவனம் 2000-இல் பிளேஸ்டேஷனுக்காக 'ஸ்பைரோ: இயர் ஆஃப் தி டிராகன்' என்ற விளையாட்டை வெளியிட்டது. ஸ்பைரோ என்ற குட்டிப் பறவைநாகத்துக்கு வழிகாட்ட ஸோயி என்ற தேவதை வருவாள். திருட்டுப் பிரதியென்று தெரிந்தால் அவளே வந்து, இது சட்டத்துக்குப் புறம்பாக மாற்றப்பட்ட பிரதிபோல் இருக்கிறது, அசல் பிரதியில் வராத கோளாறுகள் இதில் வரலாம் என்று சொல்லிவிடுவாள். அதன் பிறகுதான் வேடிக்கை தொடங்கும். சேர்த்த மணிகள் காணாமற்போகும். மொழி திடீரென்று மாறும். எப்படியோ இறுதிப் போர்க்களம் வரை வந்துவிட்டால், தொடக்க இடத்துக்கே தூக்கியெறியப்பட்டு, சேமித்த ஆட்டமும் அழியும்.

அந்நிறுவனத்தின் நிரலாளர் கேவின் டாட் இதைப் பற்றி 2001-இல் ஒரு கட்டுரை எழுதினார். பூட்டு என்றைக்காவது உடையத்தான் போகிறது, நாம் வாங்க முயல்வது நேரத்தைத்தான் என்ற கருத்து அதில் தெளிவாக இருக்கிறது. புதிய விளையாட்டின் விற்பனையில் பெரும்பங்கு முதல் சில மாதங்களிலேயே நடந்துவிடும். அந்தக் காலம்வரை தாக்குப்பிடித்தால் போதும். அவர்கள் சோதனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். ஒரு சோதனையைத் திருத்தினால் அந்தத் திருத்தத்தை இன்னொரு சோதனை கண்டுபிடிக்கும். அந்தப் பூட்டு முழுமையாக உடைய இரண்டு மாதங்களுக்கு மேல் ஆயிற்று.

டைட்டன் குவெஸ்ட்டுக்கும் ஸ்பைரோவுக்கும் உள்ள வேறுபாடு பூட்டின் வலிமை மட்டும்தானா? தேவதை பேசியதால், ஸ்பைரோவின் கோளாறுகளைக் கண்டவனுக்குக் காரணம் தெரிந்தது. அவன் வெட்கப்பட்டானோ இல்லையோ, பழியை இடம் மாற்றிப் போட முடியவில்லை. இத்தனைக்கும் அதைச் சொல்லத் தேவைப்பட்டது இரண்டு மூன்று வாக்கியங்கள்தான்.

பாதியில் பறித்த காய்

உடைக்கப்பட்ட விளையாட்டுகளைத் தவிர, முடிவடையாத விளையாட்டுகளும் திருடப்பட்டு வெளிவந்ததுண்டு. 2002 நவம்பரில் 'டூம் 3' விளையாட்டின் கண்காட்சிப் பதிப்பு வெளியே கசிந்தது; அசல் விளையாட்டு வந்ததோ 2004-இல். 2003-இல் 'ஹாஃப் லைஃப் 2' விளையாட்டின் மூல நிரலே திருட்டுப் போனது. ஜெர்மனியின் கிரைட்டெக் நிறுவனம் உருவாக்கிய 'கிரைசிஸ் 2' வெளிவருவதற்கு ஒரு மாதம் முன்பு, 2011 பிப்ரவரியில், வேலை முடியாத பதிப்பு இணையத்தில் பரவியது. மாங்காயைப் பறித்துத் தின்றுவிட்டுப் புளிக்கிறது என்று தோட்டக்காரனிடம் சண்டைக்குப் போவதைப் போன்றது இது.

தராசின் மறுதட்டு

இதுவரை எழுதியதைப் படித்த என் அறைத்தோழன், "என்னடா, கம்பெனிக்காரன் எல்லாம் யோக்கியன் மாதிரி எழுதியிருக்க?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். காசு வாங்கிக்கொண்டு பிழையோடு விற்ற வரலாறும் உண்டு. அதை மறைப்பது ஆய்வாகாது.

2008-இல் யூபிசாஃப்ட் நிறுவனத்தின் 'ரெயின்போ சிக்ஸ்: வேகாஸ் 2' விளையாட்டுக்குப் புதிய திருத்தம் ஒன்று வந்தது. அதைப் போட்டவுடன், இணையத்தின் வழியே விளையாட்டை வாங்கியவர்களிடமும் அது வட்டைக் கேட்கத் தொடங்கிவிட்டது. அவர்களிடம் வட்டு ஏது? நிறுவனம் அவர்களுக்காக ஒரு கோப்பை வெளியிட்டது. அதைப் பிரித்துப் பார்த்தவர்கள் உள்ளே 'ரீலோடட்' என்ற கள்ளப்பிரதிக் குழுவின் பெயர் பொறிக்கப்பட்டிருப்பதைக் கண்டார்கள். பூட்டியவரே திறவுகோலைத் தொலைத்துவிட்டு, பூட்டு உடைப்பவனின் கருவியை இரவல் வாங்கியிருந்தார்! விஷயம் வெளிப்பட்டதும் அக்கோப்பு நீக்கப்பட்டது.

2021-இல் நடந்தது இதைவிட ஆழமானது. ஜப்பானின் கேப்காம் நிறுவனம் மே மாதம் வெளியிட்ட 'ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ்' கணிப்பொறிப் பதிப்பில், எதிரிகளைச் சுடும் வேளையில் படம் திக்கித் திக்கி நின்றது. காசு கொடுத்து வாங்கியவர்கள் இரண்டு மாதம் அதைப் பொறுத்துக்கொண்டார்கள். ஜூலையில் வந்த உடைக்கப்பட்ட பிரதியில் அந்தத் திக்கல் இல்லை. 'டிஜிட்டல் ஃபவுண்டரி' என்ற விளையாட்டு ஆய்வுக் குழுவினர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்து, இதை உறுதிப்படுத்தினார்கள். பூட்டுக்குரிய சோதனைகள் விளையாட்டின் நடுவே அடிக்கடி ஓடியதே கோளாற்றின் வேர். அதே மாதத்தில் கேப்காம் திருத்தம் வெளியிட்டது. இங்கே பிழை தயாரிப்பாளருடையது. திருடியவனுக்கு நல்ல பிரதியும் வாங்கியவனுக்குக் கெட்ட பிரதியும் கிடைத்தன. அந்த இரண்டு மாதம் காசு கொடுத்தவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

ஆக, ஒரு விளையாட்டு பாதியில் நின்றால் அதைச் செய்தவர், வெளியிட்டவர், பூட்டுப் போட்டவர், பூட்டை உடைத்தவர், நம் கணிப்பொறி என ஐந்து இடங்களில் தேட வேண்டியிருக்கிறது. அசல் பிரதி கையில் இருந்தால், பூட்டை உடைத்தவரை மட்டுமாவது நிச்சயமாக விலக்கிவிட முடியும். திருட்டுப் பிரதியை வைத்துக்கொண்டு ஒருவரையும் விலக்க முடியாது. இயற்பியல் சோதனையில் பழுதான அளவுகோலை வைத்துக்கொண்டு கம்பியின் நீளத்தைப் பற்றி வாதிடுவது போன்றதுதான்.

விலையைப் பற்றிக் கேட்பீர்கள். நானும் தோழனும் ஆடிய விளையாட்டின் விலை எங்கள் இருவரின் ஒரு மாத விடுதி உணவுக் கட்டணத்துக்குச் சற்றுக் குறைவு. எங்களால் வாங்க முடிந்திராது என்பது உண்மை. வாங்க முடியாததனால் அதைச் செய்தவரை ஏசும் உரிமை கிடைத்துவிடுமா என்று இருவரும் ஓரிரவு வாதிட்டோம். முடிவுக்கு வரவில்லை. ஆனால் அந்த விளையாட்டு இருந்த அடைவைத் திறந்து பார்த்தோம். ஓரத்தில் ஒரு சிறிய உரைக்கோப்பு இருந்தது. அதில் ஒரு குழுவின் பெயரும், சில வணக்கங்களும் இருந்தன. முன்பு நாங்கள் அதைத் திறந்ததே இல்லை.

டைட்டன் குவெஸ்ட்டைப் பற்றி ஒரு செய்தி பாக்கியிருக்கிறது. அயர்ன் லோரிலிருந்து வெளியேறியவர்களில் சிலர் 'கிரேட்' என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கி, பழைய நிறுவனத்தின் அடிப்படை நிரலையே உரிமம் பெற்று, 'கிரிம் டான்' என்ற விளையாட்டை உருவாக்கி 2016-இல் முழுமையாக வெளியிட்டார்கள். அதே ஆண்டில் டைட்டன் குவெஸ்ட்டும், பத்தாண்டு நிறைவுப் பதிப்பாக, வேறொரு நிறுவனத்தின் வழியே திருத்தங்களோடு மறுபடி வெளிவந்தது.

என் குறள் விளையாட்டில் ஆறு வரிகள் சேர்த்திருக்கிறேன். குறட்பாக் கோப்பு இல்லாமல் திறந்தால், 'குறட்பாக்கள் உள்ள கோப்பு இப்பிரதியில் இல்லை; கணிப்பொறி ஆய்வுக்கூடத்தில் முழுப் பிரதி கிடைக்கும்' என்ற செய்தி திரையில் தோன்றும். சென்ற வாரம் முதலாண்டுத் தம்பிகள் இருவர் முழுப் பிரதி கேட்டு வந்தார்கள். இருபத்தேழாவது கேள்வியில் சரியான விடையையே தவறென்று காட்டுகிறது என்று அவர்களில் ஒருவன் சொன்னான். பார்த்தேன். அது என் பிழைதான்.